அடையாளம் கேட்க மறுத்த ராஜா

நான் பி.காம் மூன்றாம் ஆண்டு. கிறிஸ்தவன் இல்லை. ஆனாலும் கடந்த இரண்டு வாரமாக ஆடிட்டிங் புத்தகத்தைவிட பைபிளைத்தான் அதிகம் புரட்டிக்கொண்டிருக்கிறேன். காரணம் என் ரூம்மேட்.

அவன் அப்பாவுக்கு ஊரில் மளிகைக் கடை. மூன்று மாதமாக அவருக்கு உடம்பு சரியில்லை. படிப்பை நிறுத்திவிட்டுக் கடையில் போய் உட்காருவதா, மிச்சமிருக்கும் காலத்தை எப்படியாவது ஓட்டி டிகிரியை வாங்கிவிடுவதா என்று இவனுக்குக் குழப்பம். ராத்திரி எல்லோரும் தூங்கியபிறகு ஜெபம் பண்ணி, ஏதாவது ஒரு அடையாளம் காட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறான். அதைப் போனில் பெரியப்பாவிடம் சொன்னதும் அவர் கோபப்பட்டுவிட்டார். "கர்த்தரைச் சோதிச்சுப் பாக்கக் கூடாதுடே. விசுவாசம் இருக்கிறவன் அடையாளம் கேப்பானா?" என்று கேட்டாராம்.

அன்றிலிருந்து அவனுக்கு இரண்டு கவலை. அப்பா கவலை ஒன்று, பாவம் செய்துவிட்டோமோ என்ற கவலை இன்னொன்று.

"நீதான் சரித்திரம் சரித்திரம்னு அலையுறியே, பாத்துச் சொல்லேன். கேட்டா தப்பா?" என்றான்.

தேடினேன். தேடப்போய் ஒரு ராஜாவிடம் மாட்டிக்கொண்டேன். அவன் கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சின்னப் பட்டியல்

பைபிளில் அடையாளம் கேட்டவர்கள் நிறைய பேர். ஆனால் எல்லோருக்கும் ஒரே பதில் கிடைக்கவில்லை.

நியாயாதிபதிகள் புத்தகத்தில் கிதியோன் என்று ஒருவர். மீதியானியரோடு சண்டைக்குப் போ என்று கடவுள் சொல்கிறார். இவர் ஆட்டுத்தோலைக் களத்தில் போட்டு, காலையில் தோல் மட்டும் நனைந்திருக்க வேண்டும், தரை காய்ந்திருக்க வேண்டும் என்கிறார். அப்படியே நடக்கிறது. அதோடு விடாமல் மறுநாள் தலைகீழாகக் கேட்கிறார், தோல் காய்ந்திருக்கட்டும், தரை நனையட்டும் என்று. அதுவும் நடக்கிறது. ஒரு திட்டுகூட விழவில்லை.

லூக்கா சுவிசேஷத்தில் சகரியா என்ற ஆசாரியர். வயதான காலத்தில் பிள்ளை பிறக்கும் என்று தேவதூதன் சொன்னபோது, இதை எப்படி நம்புவது என்று கேட்கிறார். அவர் பேச்சே நின்றுபோகிறது. பிள்ளை பிறந்து பெயர் வைக்கும்வரை ஊமை!

மாற்கு சுவிசேஷத்தில் பரிசேயர்கள் இயேசுவிடம் வானத்திலிருந்து ஒரு அடையாளம் கேட்கிறார்கள். பெருமூச்சு விட்டுவிட்டு, கிடையாது என்று சொல்லிப் படகேறிப் போய்விடுகிறார் அவர்.

ஒரே கேள்விக்கு ஒருவருக்கு அடையாளம், ஒருவருக்குத் தண்டனை, ஒருவருக்கு மறுப்பு. கணக்கு டாலி ஆகவில்லையே என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் ஏசாயா புத்தகத்தின் 7-ம் அதிகாரம் கண்ணில் பட்டது. அங்கே எல்லாம் தலைகீழ். கடவுளே, அடையாளம் கேள் என்கிறார். மனிதன், வேண்டாம் என்கிறான். அதுவும் கிட்டத்தட்ட நம் பெரியப்பா சொன்ன அதே காரணத்தைச் சொல்லி!

அந்த மனிதன் யூதா நாட்டு ராஜா ஆகாஸ்.

இருபது வயதில் சிம்மாசனம்

பட்டத்துக்கு வந்தபோது ஆகாசுக்கு வயது 20 என்கிறது 2 ராஜாக்கள் புத்தகம். நம் வயதுதான். அவன் ஆண்ட காலம் கி.மு. 8-ம் நூற்றாண்டு.

அப்போதைய நிலவரம் இதுதான். சாலொமோன் ஆண்ட ராஜ்யம் எப்போதோ இரண்டாகப் பிரிந்துவிட்டது. வடக்கே இஸ்ரவேல், தலைநகர் சமாரியா. தெற்கே சின்னதாக யூதா, தலைநகர் எருசலேம். இஸ்ரவேலுக்கும் வடகிழக்கே சீரியா, தலைநகர் தமஸ்கு. இவர்கள் எல்லோருக்கும் மேலே, இன்றைய ஈராக்கின் வடபகுதியில், அசீரியா என்ற ராட்சசன். கி.மு. 745-ல் அங்கே பட்டத்துக்கு வந்த மூன்றாம் திகிலாத்பிலேசர் வருஷா வருஷம் படையோடு கிளம்பி ஒவ்வொரு நாடாக விழுங்கிக்கொண்டிருந்தார்.

சீரியா ராஜா ரேத்சீனும் இஸ்ரவேல் ராஜா பெக்காவும் கூட்டுச் சேர்ந்தார்கள். யூதாவையும் தங்கள் அணிக்கு இழுப்பதுதான் அவர்கள் திட்டம் என்று வரலாற்று ஆசிரியர்கள் பொதுவாகச் சொல்கிறார்கள். ஆகாஸ் சேரவில்லை. உடனே கி.மு. 735 வாக்கில் இருவரும் எருசலேம்மேல் படையெடுத்தார்கள். ஆகாசைத் தூக்கிவிட்டு தாபேயால் என்பவனின் மகனை உட்கார வைக்கவும் முடிவு செய்துவிட்டார்கள். செய்தி வந்ததும் ராஜாவும் ஜனங்களும் காற்றில் ஆடும் காட்டு மரங்களைப்போல நடுங்கினார்கள் என்று ஏசாயா புத்தகம் சொல்கிறது.

இந்த நேரத்தில் ஏசாயா தீர்க்கதரிசி ராஜாவைப் பார்க்கப் போகிறார். அரண்மனையில் இல்லை. மேல்குளத்துக் கால்வாய் முடியும் இடத்தில், வண்ணார் துறைக்குப் போகும் வழியில். முற்றுகை வந்தால் முதலில் தட்டுப்பாடு தண்ணீருக்குத்தான். ராஜா அதைப் பார்வையிடப் போயிருப்பான் என்று நினைக்கிறார்கள். இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு திரும்பி வருவோம்.

ஏசாயா சொன்னதன் சாரம்: பயப்படாதே. அந்த இரண்டு ராஜாக்களும் எரிந்து முடிந்து புகைந்துகொண்டிருக்கும் கொள்ளிக்கட்டைகள், அவ்வளவுதான். ஆனால் உறுதியாக நம்பாவிட்டால் உன்னால் உறுதியாக நிற்க முடியாது.

இதில் ஒரு சொல் விளையாட்டு இருக்கிறது. எபிரெயு மொழியில் நம்புவதற்கும் நிலைத்து நிற்பதற்கும் இங்கே ஒரே வேர்ச்சொல். ஜெபம் முடியும்போது சொல்கிறார்களே ஆமென், அதுவும் அந்த வேரிலிருந்து வந்ததுதான்.

அதோடு, நம்புவதற்குக் கஷ்டமாக இருந்தால் ஒரு அடையாளம் கேள் என்கிறார். சாதாரண சலுகை இல்லை. கீழே பாதாளம்வரை, மேலே வானம்வரை எதை வேண்டுமானாலும் கேட்கலாம். நிரப்பாத செக்கில் கையெழுத்துப் போட்டு நீட்டுகிற மாதிரி!

ஆகாஸ் மறுத்துவிடுகிறான். நான் கேட்கமாட்டேன், கடவுளைச் சோதிக்கவும் மாட்டேன் என்கிறான்.

பக்தியான பதில். வேதத்துக்கும் பொருந்திய பதில். ஏனென்றால் உபாகமம் புத்தகத்தில் மோசே சொல்லிவைத்த கட்டளையே அதுதான், மாசாவில் சோதித்ததுபோல் கடவுளைச் சோதிக்கக் கூடாது என்று. ஆனால் இந்த பதிலைக் கேட்டு ஏசாயாவுக்கு வருகிறது பாருங்கள் கோபம்! மனிதர்களைச் சலிப்படைய வைத்தது போதாதென்று கடவுளையும் சலிப்படைய வைப்பீர்களா என்று கேட்கிறார்.

வசனத்தைச் சரியாகச் சொன்னவனுக்கு ஏன் திட்டு?

வவுச்சரைப் பார்த்தால் தெரியும்

ஆடிட்டிங்கில் எங்களுக்குச் சொல்லித்தரும் முதல் பாடம், ஒருவர் சொல்லும் விளக்கத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதே, வவுச்சரைப் பார் என்பது. ஆகாஸ் விஷயத்தில் வவுச்சர் 2 ராஜாக்கள் 16-ம் அதிகாரத்தில் இருக்கிறது.

அவன் திகிலாத்பிலேசருக்குத் தூது அனுப்புகிறான். நான் உங்கள் அடிமை, உங்கள் மகன், வந்து காப்பாற்றுங்கள் என்று. கூடவே ஆலயத்தில் இருந்த வெள்ளியும் பொன்னும், அரண்மனைக் கஜானாவில் இருந்ததும் போகிறது. பணம் கிளம்பியது ஏசாயாவைச் சந்திப்பதற்கு முன்பா பின்பா என்று பைபிள் தேதி போடவில்லை. ஆனால் இரண்டு அதிகாரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். வண்ணார் துறை வழியில் நின்றபோதே ஆகாஸ் மனதுக்குள் முடிவெடுத்துவிட்டான். அடையாளம் கேட்டால் ஆபத்து. வந்துவிட்டால் அப்புறம் அசீரியாவுக்குப் போக முடியாதே! அதனால்தான் வேதத்தின் பின்னால் ஒளிந்துகொண்டான்.

இதற்கு வெளிச்சாட்சியும் உண்டு. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் திகிலாத்பிலேசரின் களிமண் பலகை ஒன்று இருக்கிறது. கப்பம் கட்டிய ராஜாக்களின் பட்டியல் அதில் வருகிறது. அம்மோன், மோவாப், அஸ்கலோன், ஏதோம், காசா ராஜாக்களோடு யூதாவின் யோவாகாஸ் பெயரும் இருக்கிறது. ஆகாஸ் என்பது அந்தப் பெயரின் சுருக்கம். கொடுத்தவர் கணக்கிலும் இருக்கிறது, வாங்கியவர் கணக்கிலும் இருக்கிறது.

ஆகாசுக்காகவும் கொஞ்சம் வாதாட வேண்டும். அரசியலாகப் பார்த்தால் அவன் செய்தது முட்டாள்தனம் இல்லை. கி.மு. 732-ல் அசீரியர்கள் தமஸ்குவைப் பிடித்து ரேத்சீனைக் கொன்றார்கள். பெக்காவை அவன் நாட்டு ஆளே கொன்றான். பத்து வருஷம் கழித்து, கி.மு. 722 வாக்கில் சமாரியாவும் விழுந்தது, இஸ்ரவேல் என்ற நாடே வரைபடத்திலிருந்து போனது. யூதா தப்பியது. 20 சொச்சம் வயதுப் பையன், இரண்டு படைகள் வாசலில். அவன் இடத்தில் நான் இருந்தாலும் பெரிய ராஜாவுக்குத்தான் போன் போட்டிருப்பேன் :-)

ஆனால் விலை கொஞ்சநஞ்சமல்ல. தமஸ்குவுக்கே போய்த் திகிலாத்பிலேசரைச் சந்தித்த ஆகாஸ், அங்கே பார்த்த ஒரு பலிபீடத்தின் மாதிரியை எருசலேமில் இருந்த ஆசாரியன் உரியாவுக்கு அனுப்பி, அதேபோல் ஒன்றை ஆலயத்தில் கட்டச் சொன்னான். ஆலயத்தின் பெரிய வெண்கலத் தொட்டியைத் தாங்கிய வெண்கலக் காளைகளைக் கழற்றினான். ஒருமுறை கட்டும் கடன் இல்லை இது. வருஷா வருஷம் வட்டி போட்டுக்கொண்டே போகிற கடன்.

அப்படியானால் ஏசாயா சொன்ன அடையாளம் என்ன ஆனது? நீ கேட்காவிட்டாலும் கடவுளே கொடுப்பார் என்று அவர் சொன்னதுதான் புகழ்பெற்ற இம்மானுவேல் அடையாளம். ஒரு பெண் கருவுற்று மகனைப் பெறுவாள், அவனுக்கு இம்மானுவேல் என்று பெயர் வைப்பாள். நல்லது கெட்டது தெரியும் வயதை அவன் எட்டுமுன் அந்த இரண்டு ராஜாக்களின் தேசமும் வெறுமையாகும். அதாவது அன்றைய யுத்தத்துக்கு ஒரு காலக்கெடு. எபிரெயு மூலத்தில் இளம்பெண் என்ற பொருளுள்ள சொல் இருக்கிறது. பின்னாளில் யூதர்கள் அதைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தபோது கன்னி என்ற சொல்லைப் போட்டார்கள். அதற்கும் பிறகு அந்தக் கிரேக்க வாசகத்தைத்தான் மத்தேயு எடுத்து இயேசுவின் பிறப்போடு இணைத்தார். கிறிஸ்துமஸ் கார்டுகளில் நாம் பார்க்கும் பெயர் பிறந்தது ஒரு போர்க்காலத்தில், கேட்க மறுத்த ஒருவன் முன்னால்.

எனக்கு அதைவிடப் பிடித்தது அடுத்த அதிகாரம். ஏசாயா ஒரு பெரிய பலகையை எடுத்து, கொள்ளை வேகமாக வருகிறது என்ற பொருள்படும் ஒரு நீளமான பெயரை எழுதுகிறார். பிறக்கப்போகும் தன் மகனுக்கான பெயர் அது. அந்தக் குழந்தை அப்பா, அம்மா என்று சொல்லப் பழகும் முன் தமஸ்குவின் செல்வமும் சமாரியாவின் கொள்ளையும் அசீரியாவுக்குப் போகும் என்கிறார். எழுதியதற்கு இரண்டு சாட்சிகள் வேறு. அதில் ஒருவர் ஆசாரியன் உரியா. ஆம், தமஸ்கு மாடல் பலிபீடத்தைக் கட்டினாரே, அதே பெயர், அதே வேலை. நடந்தபிறகு நான் அப்போதே சொன்னேனே என்பவர்களைப் பார்த்திருக்கிறோம். நடக்குமுன் எழுதி, எதிரணி ஆளிடமே சாட்சி வாங்கி வைத்தவர் இவர்.

மகன் கேட்டான்

ஆகாசுக்குப் பின் அவன் மகன் எசேக்கியா. அப்பா வாங்கிய கடன் பிள்ளை தலையில் விழுந்தது. எசேக்கியா கப்பத்தை நிறுத்தினான். கி.மு. 701-ல் அசீரியா ராஜா சனகெரிப் வந்து நின்றார். எருசலேமை மிரட்ட அவர் அனுப்பிய அதிகாரி ரப்சாக்கே வந்து நின்ற இடம் எது தெரியுமா? மேல்குளத்துக் கால்வாய் அருகே, வண்ணார் துறைக்குப் போகும் வழி. அப்பா அடையாளத்தை மறுத்த அதே இடம். அப்பா கூப்பிட்ட விருந்தாளி மகன் வாசலில்.

சனகெரிப்பின் கல்வெட்டு, நினிவேயில் 1830-ல் கிடைத்த ஆறுபக்கக் களிமண் தூணில் இருக்கிறது. இதுவும் பிரிட்டிஷ் மியூசியத்தில்தான். எசேக்கியாவின் அரணுள்ள 46 ஊர்களைப் பிடித்ததாகவும், அவனைக் கூண்டுப் பறவைபோல் எருசலேமுக்குள் அடைத்ததாகவும் பெருமையடிக்கிறார். எருசலேமைப் பிடித்ததாக மட்டும் சொல்லவில்லை. எசேக்கியா கட்டிய தொகை பைபிள்படி 30 தாலந்து பொன், 300 தாலந்து வெள்ளி. சனகெரிப் கணக்கில் 30 தாலந்து பொன், 800 தாலந்து வெள்ளி. பொன் டாலி ஆகிறது, வெள்ளி இடிக்கிறது. ரீகன்சிலியேஷன் ஸ்டேட்மென்ட் போட ஆசைதான்.

அந்த நாட்களில் எசேக்கியாவுக்குச் சாகும் அளவுக்கு நோய் வந்தது. அழுது ஜெபித்தான். இன்னும் 15 வருஷம் ஆயுள் என்று ஏசாயா வந்து சொல்கிறார். அத்திப்பழ அடையைக் கட்டிமேல் வைத்துக் கட்டச் சொல்கிறார். அப்போது மகன், அப்பா கேட்காததைக் கேட்கிறான். இதற்கு என்ன அடையாளம்?

ஏசாயாவுக்குக் கோபம் வரவில்லை. நிழல் பத்துப் படி முன்னால் போகட்டுமா, பின்னால் வரட்டுமா என்று கேட்கிறார். முன்னால் போவது சுலபம், பின்னால் வரட்டும் என்கிறான் எசேக்கியா. நிழல் பத்துப் படி பின்னால் வந்ததாம். எந்தப் படிகள்? ஆகாசின் படிகள். தமிழ் பைபிளில் ஆகாசின் சூரிய கடியாரம் என்று இருக்கும். எபிரெயுச் சொல்லுக்குப் படிக்கட்டு என்றும் பொருள். அப்பா வேண்டாம் என்ற அடையாளம், அப்பா பெயரில் இருந்த படிகளிலேயே மகனுக்குக் கிடைக்கிறது.

நிழல் நிஜமாகவே பின்னால் வந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். நான் சொல்ல வருவது, அந்தப் புத்தகத்தை எழுதியவர்கள் யாரைத் திட்டினார்கள், யாரைத் திட்டவில்லை என்பதைத்தான்.

எசேக்கியாவும் அடையாளம் கிடைத்ததோடு புனிதனாகிவிடவில்லை. நலம் விசாரிக்க பாபிலோனிலிருந்து தூதர்கள் வந்தபோது கஜானா முழுவதையும் திறந்து காட்டிப் பெருமைப்பட்டான். இவையெல்லாம் ஒருநாள் பாபிலோனுக்குப் போகும் என்றார் ஏசாயா. கி.மு. 586 வாக்கில் எருசலேம் பாபிலோனியரிடம் எரிந்துபோனது. அடையாளம் ஒருவரை ஒரு அடி எடுத்துவைக்க உதவும். மிச்ச தூரத்தை அவரேதான் நடக்க வேண்டும்.

சோதிப்பது வேறு, கேட்பது வேறு

இப்போது பெரியப்பா சொன்ன கட்டளைக்கு வருவோம். மாசாவில் என்ன நடந்தது? யாத்திராகமம் 17-ல் வருகிறது. வனாந்தரத்தில் தண்ணீர் இல்லாமல் ஜனங்கள் மோசேயோடு சண்டை போட்டு, கடவுள் நம் நடுவில் இருக்கிறாரா இல்லையா என்று கேட்டார்கள். அதுதான் சோதித்தது என்று சொல்லப்படுகிறது. ஆகாஸ் அந்தக் கட்டளையைச் சொல்லித் தப்பிக்கப் பார்த்தபோது கிடைத்த அடையாளத்தின் பெயர் இம்மானுவேல். பொருள், கடவுள் நம்மோடு இருக்கிறார். மாசாவில் கேட்ட கேள்விக்கு நேரடி பதில்!

இதே கட்டளையை இயேசுவும் ஒருமுறை சொல்கிறார். ஆலயத்தின் உச்சியிலிருந்து குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று சாத்தான் சொன்னபோது. ஆகாஸ் சொன்னதும் அதே வாக்கியம்தான். ஒருவர் கடவுளை வித்தை காட்ட வைக்க மறுத்துச் சொன்னார். மற்றவன் கடவுள் பேசிவிடக் கூடாதே என்று சொன்னான்.

பட்டியலைத் திரும்பப் பாருங்கள். கிதியோனுக்குச் சண்டைக்குப் போகும் வேலை இருந்தது, பயம் இருந்தது, மறைக்காமல் கேட்டார். கடைசியில் 300 பேரோடு போகவும் செய்தார். பரிசேயர்கள் சோதிக்கவே கேட்டார்கள் என்று மாற்கே எழுதுகிறார். இயேசு உயிர்த்ததை நம்பாமல், காயத்தில் விரலை விட்டுப் பார்க்க வேண்டும் என்ற தோமா, எட்டு நாள் கழித்து மற்ற சீடர்களோடு அதே வீட்டில் இருந்தார். நம்பாதபோதும் எழுந்து போய்விடவில்லை. காணாமல் நம்புகிறவர்களே பாக்கியவான்கள் என்று சொல்லப்பட்டது உண்மை. அதற்கு முன்னால், தொட்டுப் பார் என்று கையை நீட்டியதும் உண்மை. சகரியா மட்டும் என் கணக்கில் இன்னும் டாலி ஆகவில்லை. ஆனால் அவருக்கும் பிள்ளை பிறந்தது, பேச்சும் திரும்பியது.

ஆக, நம்பிக்கைக்கு எதிரி சந்தேகம் இல்லை. ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டு, பக்தி பேசுவதுதான். இதுதான் எனக்குத் தெரிந்தது.

இன்னொரு சின்ன விஷயம். எருசலேமில் ஆலய மலைக்குத் தெற்கே நடந்த அகழாய்வில் கிடைத்த ஒரு களிமண் முத்திரையைப் பற்றி 2015-ல் அறிவித்தார்கள். ஒரு சென்டிமீட்டர் சொச்சம்தான். யூதாவின் ராஜா, ஆகாசின் மகன் எசேக்கியாவுக்குரியது என்று எழுதியிருக்கிறது. பின்பக்கம், அது மூடியிருந்த ஆவணத்தின் நாணல் தாள் தடமும் கயிற்றின் தடமும். உள்ளே என்ன எழுதியிருந்ததோ, தாள் மக்கிப்போனது. கேட்காதவன் பெயரும் கேட்டவன் பெயரும் ஒரே மண்கட்டியில்.

இதையெல்லாம் ரூம்மேட்டிடம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான்.

"அப்போ நான் ஆகாசா, எசேக்கியாவா?" என்றான்.

"அது எனக்கெப்படித் தெரியும்? நீ உள்ளுக்குள்ள முடிவு பண்ணிட்டியா இல்லையா?"

மறுபடி யோசித்தான். "ஆண்டவர்கிட்ட மூணு மாசமா கேக்குறேன். அப்பாகிட்ட இன்னும் ஒரு வார்த்தை கேக்கலடா."

போனை எடுத்துக்கொண்டு வராண்டாவுக்குப் போனான். எனக்கு நாளை மறுநாள் இன்டர்னல். ஆடிட்டிங் புத்தகத்தைத் திறந்தேன்.